ஜெபித்துச் சொல்கிறேன்

எங்கள் சபையில் ‘முடியாது’ என்று யாரும் சொல்வதில்லை. அது விசுவாசம் இல்லாதவர்கள் பேசும் பேச்சு. பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்த ஆள் வேண்டும், வெளியூர்ப் பிரசங்கியாரை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரக் கார் வேண்டும், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வெங்காயம் உரிக்க வேண்டும் என்று எதைக் கேட்டாலும் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு, “ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன், பிரதர்” என்போம். கேட்டவருக்குப் புரிந்துவிடும். அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. நானும் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இந்த ஏற்பாடு ஒரே ஒருவரிடம்தான் செல்லுபடியாகவில்லை.

அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனால் அவர் எல்லோரையும், என் மகளைக்கூட, சிஸ்டர் என்பார். அவரிடம் ஜெபித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டால் அடுத்த ஞாயிறு எதிரில் வந்து நிற்பார். “ஜெபம் பண்ணினீங்களா சிஸ்டர்? ஆண்டவர் என்ன சொன்னார்?” என்று கேட்பார். குரலில் கிண்டல் துளியும் இருக்காது. கிண்டலாவது இருந்தால் கோபித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். பதிலுக்காக உண்மையிலேயே காத்திருந்த முகம் அது. அந்த முகத்தை எனக்குப் பிடிக்காது. இப்போதும் பிடிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவருக்கு விளங்காத ஒன்று உண்டென்றால் அது இதுதான்: சொல்வதெல்லாம் செய்வதற்காகச் சொல்வதில்லை என்பது. மற்றபடி கெட்டிக்காரர். ஆயுள் காப்புறுதி ஏஜெண்டாக இருந்தவர். ஜொகூர் மாநிலம் முழுக்க அவர் காலடி படாத தாமான், குடியிருப்பு கிடையாது என்பார்கள். கம்பெனி ஆண்டுதோறும் வெளிநாட்டுக்கு அனுப்பி வைக்கும். குட்டையான உடம்பு, சாயம் பூசிய முடி, உதட்டில் எப்போதும் அழுத்தமான சிவப்பு லிப்ஸ்டிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளை நிறத்தில் பெரிய கார் வைத்திருந்தார். சபைக்கு முன்னால், டயர் கடை வாசலில், அதை நிறுத்தினால் பாஸ்டர் மேலே ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு ஆராதனையைத் தொடங்கலாம் என்பார். எங்கள் சபை அந்தக் கடைவீட்டு மாடியில்தான் இருந்தது. கர்த்தர் செய்த நன்மைகளை எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தில் ஆசீர்வாதத்துக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் பாஸ்டர் அவரைத்தான் காட்டுவார்.

அந்த ஆண்டு எழுப்புதல் கூட்டத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். நல்ல குரல். பணக்கார வாலிபன் இயேசுவிடம் வந்த கதையைச் சொன்னார். இருப்பதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் வா என்றதும் அவன் துக்கத்தோடு திரும்பிப் போனதைச் சொல்லும்போது, கீபோர்டு வாசிக்கும் தம்பி மெதுவாகப் பின்னணி இசை கொடுத்தான். “இன்னைக்கு அவர் உங்ககிட்ட அப்படிக் கேட்டா நீங்க திரும்பிப் போவீங்களா, பின்னாடி வருவீங்களா?” என்று பிரசங்கியார் கேட்டார். வருவோம் என்று எல்லோரும் கையைத் தூக்கினோம். நான் இரண்டு கையையும் தூக்கினேன். அழுகைகூட வந்தது. கூட்டம் முடிந்து கீழே இறங்கி ஆட்டிறைச்சி பிரியாணி சாப்பிட்டோம். என் கணவர் எலும்பு அதிகம் என்று குறைப்பட்டார்.

அடுத்த மாதம் அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார்.

கார் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது என்று நினைத்தோம். இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகும் ஒரு சங்கத்துக்குக் கொடுத்துவிட்டாராம். வீட்டையும் விற்கப் போவதாகச் சொன்னார். பாஸ்டர் பதறிவிட்டார். ஆராதனை முடிந்ததும் என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்காவிடம் பேசினார்.

“சிஸ்டர், அது ஒரு அர்ப்பணிப்பு அழைப்பு. மனசுல விடணும். அதுதான் அர்த்தம். காரை விடணும்னு இல்ல லா.”

“மனசுல விட்டுட்டேன் பாஸ்டர். விட்டதுக்கு அப்புறம் கார் எதுக்குன்னு தெரியல” என்றார் அக்கா.

“நாளைக்கு உங்களுக்கு ஒரு தேவைன்னா?”

“நீங்க இருக்கீங்க. இவங்க இருக்காங்க” என்று என்னைக் காட்டினார். “நாமெல்லாம் ஒரே குடும்பம்னு நீங்கதானே போன வாரம் சொன்னீங்க?”

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே, கீழே டயர் கடை வாசலைப் பார்த்தேன்.

அவரைத் துறவி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உபவாச ஜெபத்தில் உட்கார்ந்தபடியே குறட்டை விடுவார். அடுத்தவர் வீட்டில் சாப்பிட்டால் இன்னும் கொஞ்சம் மீன் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேட்பார். வீடு போய், தங்க வளையல் போய், வேலையும் போன பிறகும் அந்த லிப்ஸ்டிக் மட்டும் போகவில்லை. கேட்டால், “இதை ஏழைங்களுக்குக் குடுத்தா அவங்க என்ன பண்ணுவாங்க?” என்று சிரிப்பார். தியாகம் என்று யாராவது சொன்னால் முகம் சுளிப்பார். ஒருநாள் என்னிடம், “வான்னு கூப்பிட்டா எழுந்து போகணும்ல சிஸ்டர்? மடி நிறைய சாமான வச்சிக்கிட்டு எப்படி எழுந்திருக்கிறது?” என்றார். நான் அப்போது மடியில் கைப்பை, வேதாகமம், சபையில் கொடுத்த கேக் பொட்டலம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டைக் காலி செய்தபோது அவருடைய சாப்பாட்டு மேசை எங்களுக்கு வந்தது. தேக்கு மேசை. சுற்றிலும் பத்துப் பேர் தாராளமாக உட்காரலாம். எங்கள் வீட்டில் அது நுழைவதற்காக வாசல் கதவையே கழற்ற வேண்டியிருந்தது. “உங்க வீட்டுக்குத்தான் ஆளுங்க வந்து சாப்பிடுவாங்க. அவங்களுக்கு ஆகும்” என்று சொல்லிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்தேன். “நெடுநாளா ஒரு நல்ல மேசைக்காக ஜெபிச்சேன். கர்த்தர் கேட்டதுக்கும் மேல குடுத்தார். நாம விசுவாசத்தோட கேட்டா அவர் தராம இருக்க மாட்டார்” என்றேன். அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல மறந்தேன் என்று கணவரிடம் சொன்னேன். மறக்கவில்லை. சொன்னால் அது ஆசீர்வாதமாகத் தெரியாது, யாரோ கொடுத்த சாமானாகத் தெரியும். சபை முழுக்க ஆமென் என்றது. கடைசி வரிசையிலிருந்து வந்த ஆமென்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமானது. எனக்காக அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

கடைசி வரிசை என்பது நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் மெத்தை வைத்த நாற்காலிகள். முன்பு அவர் இரண்டாம் வரிசையில் உட்காருவார். வீட்டை விற்றுவிட்டு வாடகைப் பிளாட்டுக்குக் குடிபோன பிறகு அவராகவே பின்னால் போய்விட்டார். புதிதாக வருகிறவர்கள் படியேறி வந்து கதவருகே தயங்கி நிற்பார்கள், அவர்களைப் பிடித்து உட்கார வைக்கலாம் என்றார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. உள்ளதைச் சொன்னால், எங்களுக்கு அது நிம்மதியாக இருந்தது. ஆசீர்வாதத்துக்கு உதாரணமாக இருந்தவர் ஓட்டைச் செருப்போடு கண்முன் உட்கார்ந்திருந்தால் பிரசங்கம் எப்படி ஓடும்?

வீட்டு ஜெபக் கூட்டங்களில்தான் பெரிய தொல்லை. ஒருமுறை எங்கள் வீட்டில், அந்தத் தேக்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஏழைகள் பாக்கியவான்கள் என்பதற்குப் பாஸ்டர் விளக்கம் சொன்னார். அது ஆவியில் எளிமை, பர்ஸில் எளிமை இல்லை என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“பாஸ்டர், இது மத்தேயு. லூக்காவுல ‘ஆவியில’ன்னு இல்லையே. சும்மா தரித்திரர்னுதான் இருக்கு.”

மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

“லூக்கா சுருக்கமா எழுதுவார், சிஸ்டர்” என்றார் பாஸ்டர்.

நான்கு சுவிசேஷங்களில் லூக்காதான் நீளமானது என்று எனக்குத் தெரியும். நான் எழுந்து போய்க் கோப்பைகளில் தேநீர் ஊற்றினேன்.

அந்தச் சமயத்தில்தான் கெலாங் பாத்தாவில் எங்களுடைய இரண்டாவது வீட்டை வாங்கினோம். என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை பாலம் கடந்து போய் இருட்டிய பிறகு திரும்பும் உழைப்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் போகும் இரண்டாவது பாலத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் அங்கே வேலை செய்கிற எஞ்சினியர்கள் நல்ல வாடகைக்கு வருவார்கள் என்று கணக்குப் போட்டோம். வீட்டுப் பிரதிஷ்டைக்குச் சபையே வந்தது. வாசலில் ‘இந்த வீட்டின் தலைவர் இயேசு’ என்று பித்தளை எழுத்துப் பதித்த பலகையை மாட்டினோம். பாஸ்டர் ஒவ்வோர் அறையிலும் எண்ணெய் தொட்டு ஜெபித்தார். முடிவில் என்னைப் பேசச் சொன்னார். “இது எங்க வீடு இல்ல. ஆண்டவரோட வீடு. நாங்க வெறும் காவக்காரங்கதான். அவர் எப்படி வேணும்னாலும் இதை எடுத்துப் பயன்படுத்தட்டும்” என்றேன். எல்லா வீட்டுப் பிரதிஷ்டையிலும் எல்லோரும் சொல்வதுதான். சொல்லாவிட்டால் பெருமை பிடித்தவர்கள் என்பார்கள்.

அக்கா வாசலில் நின்று அந்தப் பலகையை வாய்விட்டுப் படித்தார்.

எஞ்சினியர்கள் வரவில்லை. அந்தப் பக்கம் வீடுகள் ஏராளமாக எழும்பியிருந்தன. வீடு பூட்டியே கிடந்தது. மாதம் ஒருமுறை போய்க் குழாயைத் திறந்து மூடிவிட்டு வருவோம். அந்த ஆண்டுக் கடைசியில் மழை கொட்டியது. பெக்கான் நானாஸ் பக்கம் தாழ்வான ஒரு கம்பத்துக் கிராமத்தில் தண்ணீர் ஏறி வீடுகள் நாசமாயின. அதில் ஒரு வீட்டில் கெலாங் பாத்தா தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருந்தாள். கணவன் விட்டுப் போய்விட்டான். வெள்ளத்தில் தங்கியிருந்த துயர் துடைப்பு மையத்தை மூடியதும் போக்கிடம் இல்லை. அக்கா அவளை எப்படிப் பிடித்தார் என்று தெரியாது. இப்படிப்பட்டவர்கள் எப்படியோ அவர் கண்ணில் பட்டுவிடுவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“சிஸ்டர், அந்தப் பிள்ளைக்கு வேலை கெலாங் பாத்தாவுலதான். உங்க வீடு அங்கதானே. கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கட்டுமா?”

“அது... வாடகைக்கு விடலாம்னு வச்சிருக்கோம், அக்கா.”

“ஆள் வந்திருச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப சும்மாதானே இருக்கு.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா நான் உங்களைக் கேக்கறது தப்புதான். நீங்க காவல்னுதானே சொன்னீங்க. வீட்டுக்காரர்கிட்ட நீங்களே கேட்டுச் சொல்லுங்க.”

வீட்டுக்காரர் என்று அவர் என் கணவரைச் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. உள்ளே விட்டால் பிறகு கிளப்ப முடியாது, சுவரில் பிள்ளைகள் கிறுக்கும், புது அடுப்பு வீணாகும் என்று எனக்குள் என்னென்னவோ ஓடியது. வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன், அக்கா.”

“சரி சிஸ்டர்” என்றார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நானும் சேர்ந்து ஜெபிக்கிறேன்.”

அடுத்த ஞாயிறு வந்தார். “என்ன சொன்னார், சிஸ்டர்?” இன்னும் தெளிவாகவில்லை என்றேன். “பரவாயில்ல. சில சமயம் அப்படித்தான் ஆகும்” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார். அதற்குள் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் அக்காவின் பிளாட்டுக்கு வந்துவிட்டிருந்தார்கள். லிஃப்ட் இல்லாத பிளாட், மேல் மாடி, ஒரே ஒரு படுக்கையறை. அதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அக்கா அடுப்படியில் படுத்தார். அவருக்கு முட்டிவலி உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாராவாரம் வேறு வேறு இடத்தில் உட்கார்ந்தேன். பிறகு ஆராதனை முடிவதற்குள் எழுந்து போகத் தொடங்கினேன். பாஸ்டர் இரண்டு கையையும் உயர்த்தி ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்னால், கண்ணை மூடச் சொல்லும் அந்த இடைவெளியில், பக்கத்துப் படிக்கட்டு வழியாக இறங்கிவிடுவேன். வாரம் முழுக்க ஆசீர்வாதம் ஆசீர்வாதம் என்று கேட்டு அலைந்தவள், அதை வாங்காமல் டயர் கடை வழியாக ஓடினேன்.

நான் ஒரு நாளாவது ஜெபித்தேனா என்று கேட்டால், இல்லை. உட்கார்ந்து பார்த்தேன். “ஆண்டவரே, கெலாங் பாத்தா வீடு” என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் போகப் பயமாக இருந்தது. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்டுவிட்டுச் செய்யாமல் இருப்பதைவிடக் கேட்காமலே இருப்பது குறைந்த பாவம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒருநாள் அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே வந்து தேக்கு மேசையில் உட்கார்ந்தார். அதன் ஓரத்தில் இருந்த கீறலைத் தடவிப் பார்த்தார். “யார் யாரெல்லாம் இதுல சாப்பிட்டாங்க?” என்று ஆசையாகக் கேட்டார். ஜெபக் கூட்டத்து ஆட்களைச் சொன்னேன். வேறு யாராவது என்பதுபோல் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

“நான் ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போறேன், சிஸ்டர். அங்க ஒரு முதியோர் இல்லத்துல ஆள் வேணுமாம். தங்க இடமும் சாப்பாடும் தருவாங்க.”

“இந்த வயசுல என்னக்கா? முட்டியை வச்சிக்கிட்டு?”

“பிளாட்டுல நாலு பேருக்கு இடம் பத்தல. பெரிய பிள்ளை வளந்துட்டா. அவங்க அங்கேயே இருக்கட்டும். நான் ஒரு ஆள்தானே, எங்கயும் படுத்துக்கலாம்.”

அந்த நிமிடம் சாவியை எடுத்துக் கொடுத்திருக்கலாம். அது வாசல் பக்கம் ஆணியில்தான் தொங்கியது. அக்காவின் தலைக்கு மேலே. நான் மீன் பொரித்துச் சோறு போட்டேன். இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்ப அவசரம் இல்ல. நீங்க பாரப்படாதீங்க. ஆனா ஜெபத்தை விட்டுறாதீங்க, பதில் வந்தா சொல்லுங்க” என்றார். கோபம் இருக்கிறதா என்று அவர் முகத்தில் தேடினேன். உதட்டுச் சாயம் மீன் எண்ணெயில் அழிந்திருந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் வாட்ஸாப்பில் அவர் குரல் வரும். அங்கே யாருக்குக் காய்ச்சல், எந்தத் தாத்தா குளிக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறார் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், “ஜெபத்துல இருக்கீங்களா சிஸ்டர்?” என்பார். நான் கை கூப்பிய படம் ஒன்றை அனுப்புவேன். எதற்கும் பொருந்தும் படம் அது. சரி என்றும் ஆகும், வணக்கம் என்றும் ஆகும், ஆளை விடுங்கள் என்றும் ஆகும். அக்கா அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அவரை அத்தனை ஆண்டுகளாகத் தெரியும் எனக்கு.

இரண்டு மழைக்காலம் கழித்து அவர் இறந்துபோனார். காலையில் யாருக்கோ கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். இதயம். பாஸ்டர் தகவல் சொன்னார். அடக்க ஆராதனை ஆயர் ஈத்தாமிலேயே. என் கணவர் வேலைக்குப் போயிருந்ததால் நான் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கெலாங் பாத்தா வீட்டுச் சாவியையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒருவழியாக ஒரு எஞ்சினியர் வந்திருந்தார். திரும்பும் வழியில் ஏஜெண்டிடம் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று கணவர் மூன்று தடவை நினைவூட்டியிருந்தார்.

இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். அக்காவின் உதட்டில் அந்தச் சிவப்புச் சாயம் கச்சிதமாகப் பூசப்பட்டிருந்தது. யார் பூசினார்கள் என்று கேட்டேன். பெட்டியின் தலைமாட்டில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். “நான்தான் சிஸ்டர். இது இல்லாம ஆண்ட்டி வெளிய கிளம்ப மாட்டாங்கல்ல?” என்றாள். பெக்கான் நானாஸிலிருந்து வந்த பெண் இவள்தான் என்று இல்லத்து ஆள் ஒருவர் சொன்னார். ஆண்டுக்கணக்காக அக்காவைத் தெரிந்த எனக்குச் சாயம் பூசிவிடத் தோன்றியிருக்காது.

என் பெயரைச் சொன்னேன். அவள் உடனே என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“எங்களுக்கு வீடு கிடைக்கணும்னு ஜெபம் பண்றவங்க நீங்கதானா? ஆண்ட்டி சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ‘அந்த சிஸ்டர் இன்னும் விடாம ஜெபிக்கிறாங்க, ஞாயித்துக்கிழமையானா எனக்குக் கை கூப்பி அனுப்புவாங்க’ன்னு போன்ல காட்டுவாங்க. எனக்கு ஜெபம்லாம் தெரியாது சிஸ்டர். ஆனா என் பிள்ளைங்க சாப்பிடறதுக்கு முன்னாடி உங்க பேரைச் சொல்லி நல்லாயிருக்கணும்னு சொல்லுவாங்க. ஆண்ட்டிதான் சொல்லிக்குடுத்தாங்க.”

நான் என் வீட்டு மேசையில் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும், யாரோ இரண்டு பிள்ளைகள் சாப்பாட்டை ஆறப்போட்டுவிட்டு என்னை ஆசீர்வதித்திருக்கிறார்கள். அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அழுகிறேன் என்று நினைத்து அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“இப்ப எங்க இருக்கீங்க?” என்று கேட்டேன்.

“பிளாட்டு ஆண்ட்டி பேர்லதானே இருந்துச்சு. செய்தி தெரிஞ்சதும் வீட்டுக்காரர் இந்த மாசக் கடைசியில காலி பண்ணச் சொல்லிட்டாரு. பாத்துக்கலாம் சிஸ்டர்” என்றாள். அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. என் வாயில் அந்த வார்த்தைதான் வந்து நின்றது. ‘ஜெபம்’ என்பதுவரை சொல்லியும்விட்டேன். அவள் தலையை ஆட்டியபடி, முழுதாக நம்பி, மிச்சத்தைக் கேட்கக் காத்திருந்தாள். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். கெலாங் பாத்தாவில் எந்தத் தாமான், எந்தத் தெரு என்று சொன்னேன். வாடகை வேண்டாம், பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை இருங்கள் என்றேன். அவ்வளவுதான். இதற்கு எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது? பையின் ஸிப்பைத் திறக்கிற நேரம். இதற்காகத்தான் ஒரு மனுஷியை அடுப்படியில் படுக்கவைத்து, ஆயர் ஈத்தாமுக்கு அனுப்பி, சாகும்வரை காத்திருக்க வைத்தேன்.

அவள் சாவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்கு எதுவோ விளங்கியதுபோல் கண் விரிந்தது.

“அப்ப பதில் வந்திருச்சா, சிஸ்டர்?”

“வந்திருச்சு.”

“எப்ப?”

அக்கா கண்ணை மூடிப் பக்கத்தில் படுத்திருந்தார்.

“இப்பத்தான்” என்றேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதையும் பொய்யாகத்தான் சொன்னேன். அவள் நம்பினாள். அவளும் அக்காவைப் போலச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறவள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். “அலாமாக்! ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

அடுத்த மாதம் அந்தப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சபைக்கு வந்தாள். அதுவரை வந்ததில்லை. சாட்சி நேரத்தில் எழுந்து, மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இந்த சிஸ்டர் எங்களை முகம்கூடப் பார்க்காமல் இத்தனை காலம் விடாமல் ஜெபித்தார், ஆண்டவர் பதில் கொடுத்த அதே நிமிடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டார் என்று சொன்னாள். சபை எழுந்து நின்று கை தட்டியது. பாஸ்டர் என்னை முன்னால் அழைத்தார். ஆசீர்வாதமும் ஜெபமும் சேர்ந்த குடும்பம் என்று என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் அந்தப் பெண் கூச்சப்படுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது சபையில் யாருக்கு எது வேண்டுமானாலும், “நீங்க கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்” என்று என்னிடம்தான் வருகிறார்கள். பண்ணுகிறேன் என்கிறேன். அடுத்த ஞாயிறு அவர்களைப் பார்க்கும்போது கடைசி வரிசையில் அந்த நீல நாற்காலிப் பக்கம் கண் தானாகப் போகிறது. ஜெபித்தீர்களா, அவர் என்ன சொன்னார் என்று யாராவது கேட்கட்டும் என்று நிற்கிறேன். ஒருவரும் கேட்பதில்லை.